தலையாட்டாதவர்

அவர் தூங்குகிறார் என்று நம்பி வாயைத் திறந்தவர்கள் எல்லாரும் என்றைக்காவது ஒருநாள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் மாட்டிக்கொண்டவன் நான்.

சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரியைத் தனி மாவட்டம் ஆக்கியிருந்த புதிது. எங்கள் எம்.எல்.ஏ.வின் ஜீப்புக்கு நான் டிரைவராகச் சேர்ந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ. பென்னாகரத்தைத் தாண்டி மேற்கே, ரோடு என்று பேர் வைத்த கற்குவியலின் மேல் வண்டியை உருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் அவர். கைகள் மடியில், துண்டு தோளில், கண்கள் மூடியிருந்தன. பின்னால் ஒரு கிராம சேவகர் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் என் மனக்குறையை எல்லாம் கொட்டினேன்.

"ஓட்டு கேக்கறப்பத்தானுங்க இந்த ரோட்டு நெனப்பு வரும். ஜெயிச்சா மெட்ராஸ்ல போயி உக்காந்துக்குவாங்க. ஸ்பிரிங் பிளேட்டு உடைஞ்சா மட்டும் டிரைவரைப் புடிச்சு திட்டுவாங்க."

கிராம சேவகர் பாவம், சிரிக்கவும் பயந்து சும்மாவும் இருக்க முடியாமல் இருமினார். அதன்பிறகு இரண்டு ஊரில் கூட்டம் முடித்து, சாப்பிட்டு, திரும்பி வரும்போது பாதி வழியில் அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"பாய், ஸ்பிரிங் பிளேட்டை நாளைக்கே மாத்திடுங்க. மெட்ராஸுக்கு ஜீப்பு வேண்டாம். நான் பொம்மிடியில ரயிலேறிக்கறேன்."

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் பக்கத்தில் நான் பாட்டுகூட முணுமுணுத்ததில்லை.

அவர் கேட்கும் விதமே அதுதான். மனு கொண்டுவருகிறவர் எதிரே உட்கார்ந்து முதல் வார்த்தை சொன்னதும் கண்ணை மூடிவிடுவார். கிணறு, பள்ளிக்கூடம், பட்டா, மாட்டு வைத்தியர் இல்லாத ஊர், பக்கத்து மாநிலத்துப் போலீஸ்காரர் ஓட்டிக்கொண்டுபோன ஆடுகள். எல்லாவற்றையும் மூடிய கண்ணோடு கேட்பார். கழுத்து நட்டுவைத்த கம்பு போல அசையாமல் நிற்கும். முடிந்ததும் கண்ணைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "கேட்டுக்கிட்டேன்."

ஆகும் என்று சொல்லமாட்டார். ஆகாது என்றும் சொல்லமாட்டார். தலையாட்டவே மாட்டார். வந்தவர்களுக்கு இது பெரிய வேதனை. இருபது மைல் நடந்து வந்த மனிதர்கள் வாசலில் நின்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள், "ஏம் பாய், ஒரு தலையாட்டு ஆட்டினா என்ன கொறைஞ்சா போயிடும்?" என்று. நானே ஒருநாள் துணிந்து அவரிடம் கேட்டுவிட்டேன்.

"தலையாட்டறது சுலபம் பாய்," என்றார். "ஆட்டினா அவங்க அதைக் கையோட எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க. பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட சொல்லுவாங்க. வருசக்கணக்கா காத்திருப்பாங்க. குடுத்த தலையாட்டைத் திரும்ப எப்படி வாங்கறது?"

நல்லம்பள்ளிப் பக்கம் அவருடைய வீட்டில் அவர் மனைவி இதையே வேறு மாதிரி சொல்வார். எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகப் பேசுவார். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இப்படித்தான் பாய். பொண்ணு புடிச்சிருக்கான்னு கேட்டா கேட்டுக்கிட்டேன்னாரு. எங்கப்பா மூணு நாளு சோறு எறங்காம கெடந்தாரு." உள்ளே கயிற்றுக்கட்டிலில் அவர் கண்மூடிக் கிடப்பார். உதடு மட்டும் லேசாக விரியும்.

சட்டசபையிலும் அப்படித்தான் உட்காருவாராம். எதிர்க்கட்சிக்காரர்கள் எங்கள் ஊர் மேடைகளில் அதை நடித்தே காட்டுவார்கள். நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டு, "இதுதானய்யா உங்க எம்.எல்.ஏ.!" என்பார்கள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் ஒருமுறை இருட்டில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, ஓரமாக இருந்து அதைக் கேட்டார். "குறட்டை நல்லாத்தான் விடறான்," என்றார், அவ்வளவுதான்.

எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. எங்கள் மாவட்டம் அன்றைக்கு வடக்கே ஆந்திரா, மேற்கே மைசூர் என்று நீண்டு கிடந்தது. ஒரு முனையில் சோறு தின்று கிளம்பினால் மறுமுனை போவதற்குள் மறுபடியும் பசித்துவிடும். அவருக்குத் தொகுதி எது, மாவட்டம் எது என்ற கணக்கே கிடையாது. யார் கூப்பிட்டாலும் போவார். போகும் வழியெல்லாம் மூடிய கண்ணோடு ஊர்ப்பேர் சொல்லிக்கொண்டே வருவார்.

வெல்லம் காய்ச்சும் வாசனை வந்தால், "பாலக்கோடு வந்துட்டம்." முகத்தில் ஈரக்காற்று அடித்து, நான் ஜன்னல் படுதாவை இழுத்துக் கட்டினால், "தேன்கனிக்கோட்டை ஏத்தம்." வறட்டு மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் மணத்தால் பென்னாகரத்து மேடு. தூரத்தில் சரக்கு ரயில் முக்கி முனகும் சத்தத்தை வைத்தே பொம்மிடிக்கு இன்னும் எத்தனை மைல் என்பார். தப்பியதே இல்லை. பனி இறங்கிய காலை நேரங்களில் அந்த ஜீப்புக்குள் இருப்பது எனக்கு ஒரு மாதிரி மயக்கமாக இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வெள்ளையாய்ப் புகை. அதற்குள்ளிருந்து ஒவ்வொரு ஊராக அவர் குரலில் எழுந்து வந்து, விலகிப் போகும். அவர் சொல்வதனால்தான் அந்த ஊர்கள் அங்கே இருக்கின்றனவோ என்று தோன்றும். நானும் கண்ணை மூடிப் பார்க்கவேண்டும் என்று ஆசை வரும். என் தொழிலில் அது முடியுமா?

அவர் எப்போது விழித்திருக்கிறார், எப்போது உண்மையிலேயே தூங்குகிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. கழுத்து அசையாமல் இருந்தால் விழித்திருக்கிறார். தூக்கம் வந்துவிட்டால் கழுத்து தளர்ந்து, தலை முன்னும் பின்னும் ஆடும். ஊரில் எல்லாரும் இதைத் தலைகீழாக நினைத்திருந்தார்கள். எனக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் இது தெரியும். தெரிந்து என்ன பயன்? தேவைப்பட்ட அன்றைக்கு நான் வாய்மூடி இருந்துவிட்டேன்.

அந்த ஊர் பெட்டஹட்டி. எல்லையோரத்து மலைமேல் நாற்பது வீடுகள். பாதி கன்னடம், பாதி தமிழ் பேசுவார்கள். பஸ் போகும் ரோட்டிலிருந்து ஐந்து மைல் காட்டுக்குள் ஏறவேண்டும். எங்கள் ஜீப் ஏதோ எருமை மாதிரி ஓடையிலெல்லாம் இறங்கி ஏறிப் போய்விடும். வேறு வண்டி எதுவும் போனதில்லை. அந்த வருஷம் மலைக்கிராமங்களில் காலரா ஊசி போட வந்தவர்களோடு அவர் மூன்று நாள் ஊர் ஊராகச் சுற்றினார். ஊசிக்குப் பயந்து ஓடியவர்களை உட்காரவைத்துப் பேசிப் பேசி, மூன்று நாளும் சரியான தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பெட்டஹட்டியில், புங்கமரத்து நிழலில் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து ஊரே சுற்றி உட்கார்ந்தது.

மாதம்மா என்று ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். அந்த ஊரில் ஆண்களைவிட அவள் பேச்சுக்குத்தான் மரியாதை. அவளுடைய மூத்த மகள் பிரசவ வலியில் துடித்தபோது, கம்பில் கம்பளியைக் கட்டி அதில் படுக்கவைத்து மலையிறக்கியிருக்கிறார்கள். பாதி வழியில் கம்பளியை இறக்கி வைத்துவிட்டார்கள். அதன்பிறகு தூக்கிக்கொண்டு போக அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. இதை அவள் அழாமல், யார் வீட்டுச் செய்தியோ போலச் சொன்னாள். நான் கொஞ்சம் தள்ளி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ரோடு நீங்க போடவேணாம் ஸ்வாமி," என்றாள். "நாங்களே போட்டுக்கறம். கல்லு இருக்குது, கை இருக்குது. போட்டா பஸ்ஸு உடுவீங்களா?"

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கழுத்து தளர்ந்திருந்தது. தலை மெதுவாக முன்னால் வந்து, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. மூன்று தடவை.

கூட்டமே அந்தத் தலையைத்தான் பார்த்தது. யாருக்கும் தலையாட்டாதவர் என்று மலைமேலும் அவருக்குப் பேர் இருந்தது. அப்பேர்ப்பட்டவர் தங்களுக்கு ஆட்டிவிட்டார். நான் எட்டி ஒரு ஹாரன் அடித்திருந்தால் போதும், விழித்திருப்பார். கையைக்கூட வண்டிக்குள் விட்டேன். மூன்று நாள் தூங்காத மனிதர், இரண்டு நிமிஷம் கண்ணயரட்டுமே என்று இரக்கம் வந்து கையை எடுத்துக்கொண்டேன். அந்த இரக்கத்தை நினைத்து நான் பிறகு எத்தனையோ நாள் என்னையே திட்டியிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அவராகவே விழித்து, வழக்கம்போல, "கேட்டுக்கிட்டேன்," என்று சொல்லி எழுந்தார். ஊர்க்காரர்கள் எங்கள் ஜீப்புக்கு முன்னால் ஓடை வரைக்கும் நடந்து வந்து வழியனுப்பினார்கள். இதென்ன இவ்வளவு மரியாதை என்று அவருக்கே ஆச்சரியம். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் காட்டிலாகா ரேஞ்சர் ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசினார். பெட்டஹட்டிக்காரர்கள் ரிசர்வ் காட்டுக்குள் மரம் வெட்டி, பாறை உடைத்து, ஐந்து மைலுக்கு ரோடு போட்டிருக்கிறார்கள். பதினோரு பேர் மேல் வழக்கு. யார் சொல்லி வெட்டினீர்கள் என்று கேட்டால், பதினோரு பேரும் எம்.எல்.ஏ. தலையாட்டினார் என்கிறார்கள்.

"நீங்க அப்படியெல்லாம் தலையாட்டறவரு இல்லைன்னு மாவட்டத்துக்கே தெரியுங்க," என்றார் ரேஞ்சர். "நான் ஆட்டலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராதுங்க."

அவர் ரேஞ்சருக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் ஜீப்பருகே நின்ற என்னிடம் வந்தார்.

"பாய், பெட்டஹட்டியில நான் தலையாட்டினனா?"

"ஆட்டினீங்கய்யா."

"நானா?"

"தூங்கிட்டு இருந்தீங்கய்யா. மூணு நாளு தூக்கமில்லை."

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"பாத்தேங்கய்யா."

"ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாமே பாய்," என்றார். அவர் என்னைக் கடிந்துகொண்டதாகச் சொன்னால் வாழ்நாளில் அந்த ஒரு வாக்கியம்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே போய் உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். கண்ணை மூடினார். கழுத்து கம்பு மாதிரி நின்றது. தூங்கிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னால் அவர் தப்பிக்கலாம். மேடையில் குறட்டை விட்டுக் காட்டுகிறவர்களுக்கு அது ஒரு விருந்து, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினோரு பேர் பொய் சொன்னவர்களாகி ஜெயிலுக்குப் போவார்கள். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. அவர் கண்ணைத் திறந்தார்.

"ஆட்டின தலை என்னுதுதாங்க. அவங்க சொன்னது நெசம். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

அந்தக் காகிதம் கோர்ட்டில் வாசிக்கப்பட்டது. வழக்கு ஒரு வருஷத்துக்குமேல் இழுத்து, பதினோரு பேரும் விடுதலையானார்கள். அவரைத்தான் அந்தக் காகிதம் விடவில்லை. காட்டை வெட்டச் சொன்ன எம்.எல்.ஏ. என்று மேடைக்கு மேடை பேசினார்கள். அவருடைய கட்சிக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் அந்த ரோட்டை அரசாங்க ரோடு ஆக்கவும், அதில் பஸ் விடவும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். பொம்மிடி ஸ்டேஷனில் எத்தனை காலை அவரை ரயிலேற்றிவிட்டேன், எத்தனை காலை வெறுங்கையோடு இறங்கியவரை ஏற்றிக்கொண்டு வந்தேன் என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

எனக்குத் தாங்கமுடியாமல் போனது இன்னொன்று. ரேஞ்சர் வந்த நாளிலிருந்து அவர் ஜீப்பில் கண்ணை மூடுவதை விட்டுவிட்டார். கண்ணாடி வழியே ரோட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டே வருவார். பாலக்கோடு வரும், வெல்ல வாசனை வரும், அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது. பனிக்குள் நான் மட்டும் தனியாகப் போவது போல இருக்கும். ஒருநாள் பொறுக்காமல், "கொஞ்சம் கண்ணை மூடிக்கங்கய்யா," என்றேன்.

"மூடினா ஆடிருமோன்னு இருக்குது பாய்," என்றார்.

அடுத்த தேர்தலில் அவருக்கு சீட் கிடைக்கவில்லை. தனியாக நின்று தோற்றார். ஜீப்பையும் விற்றுவிட்டார். நான் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாரி ஆபீஸில் வேலைக்குப் போனேன். எழுபதுகள் பிறந்து இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். ஒரு நாள் அவரே ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"நாளைக்கு பெட்டஹட்டிக்கு முதல் பஸ்ஸு போவுது பாய். வரீங்களா? சும்மா உக்காந்துக்கிட்டு வந்தாப் போதும்."

காகிதங்கள் அவர் போட்ட வழியிலேயே ஊர்ந்து ஊர்ந்து, அவர் பதவியில் இல்லாத காலத்தில் போய்ச் சேர்ந்திருந்தன. மாலை மரியாதையெல்லாம் புதிய எம்.எல்.ஏ.வுக்கு, அடிவாரத்திலேயே முடிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே போனோம். பெட்டஹட்டிக்காரர்கள் புங்கமரத்தடியில் அதே கட்டிலைப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லணும்," என்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன், வேண்டாம் என்று. உதறிவிட்டார். "அன்னைக்கு நான் உங்களுக்குத் தலையாட்டலை. தூங்கிட்டேன். தூக்கத்துல ஆடின தலை அது. அதை நம்பி நீங்க ஊரே சேந்து கல்லு உடைச்சீங்க. உங்க ஆளுங்க கோர்ட்டு வாசல்ல ஒரு வருசம் நின்னாங்க. இத்தனை வருசமா அதைச் சொல்லாம இருந்துட்டேன்."

மாதம்மா முன்னால் வந்தாள்.

"தெரியும் ஸ்வாமி," என்றாள். "கொறட்டை உட்டீங்களே."

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஊரே சிரித்தது. அவர் மட்டும் திகைத்து நின்றார்.

"தெரிஞ்சுமா ரோடு போட்டீங்க?"

"எங்க சாமி மாதேஸ்வரன் தலையில பூ வெச்சு உத்தரவு கேக்கறம். வலப்பக்கம் பூ உழுந்தா நல்லதுன்னு எறங்கிடறம். அவரு என்ன முழிச்சுப் பாத்துக்கிட்டா பூவைப் போடறாரு?" என்றாள் மாதம்மா. "எங்களுக்கு யாரும் எதுவும் ஆட்டினதில்லை. முழிச்சோ தூங்கியோ, ஒரு தலை ஆடுச்சு. அது போதும்னு எறங்கிட்டம்." கொஞ்சம் நிறுத்தி, அவரை நேராகப் பார்த்தாள். "ரேஞ்சரு வந்து கேட்டப்ப, நான் ஆட்டலைன்னு சொல்லியிருக்கலாம். ஆட்டினேன்னு எழுதிக் குடுத்தீங்க. கோர்ட்டுல படிச்சாங்க, நானும் நின்னு கேட்டேன். அன்னைக்கு முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் கண்ணை அகலத் திறந்து அவளைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. விழித்திருக்கும்போது அவர் தலையாட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணீர் கன்னத்தில் இறங்கி மீசையில் நின்றது. துடைத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாதம்மாவும் ஏறினாள். கூடவே நிறைமாதமாக அவளுடைய மருமகள். பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகிறார்களாம். முதல் பஸ்ஸிலேயே போகவேண்டும் என்று இரண்டு நாளாகப் பிடிவாதமாம். எங்களுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். மத்தியான வெயில் மூங்கில் இலைகளின் வழியே பஸ்ஸுக்குள் விழுந்து விழுந்து போயிற்று. யாரோ ஓட்ட, நான் சும்மா உட்கார்ந்து போகும் பயணம் எனக்குப் புதிது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். காட்டுப் பூ வாசனை ஒன்று வந்தது. ஓடையில் சக்கரம் இறங்கி ஏறும் சத்தம். பிறகு வறட்டு மண், ஆட்டுப் புழுக்கை.

"பென்னாகரத்து மேடு வந்துட்டமுங்களா ஐயா?" என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கண்கள் மூடியிருந்தன. கழுத்து தளர்ந்து, பஸ் வளையும் பக்கமெல்லாம் தலை ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷத்துத் தூக்கமோ. பின்சீட்டிலிருந்து மாதம்மா எட்டிப் பார்த்தாள். நான் பயந்துபோய்த் திரும்பினேன்.

"தூங்கறாரும்மா. தயவுபண்ணி ஒண்ணும் கேட்டுராதீங்க."

"கேக்க ஒண்ணுமில்ல பாய்," என்றாள். "தூங்கட்டும்."

நான் என் தோளை அவர் பக்கம் சற்று நகர்த்தி வைத்தேன்.